மதீனாவின் ஒன்பது அறைகள்

கி.பி. 707ஐ ஒட்டிய ஒரு நாளில் டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உமையா கலீஃபா வலீத். பெற்றுக்கொண்டவர் அவருடைய சிற்றப்பன் மகனும் மதீனாவின் ஆளுநருமான உமர் இப்னு அப்துல் அஸீஸ். நபிகளின் பள்ளிவாசலைப் பெரிதாக்க வேண்டும், அதை ஒட்டி நிற்கும் அறைகளை இடித்து அந்த நிலத்தையும் பள்ளிக்குள் சேர்க்க வேண்டும் என்பது உத்தரவு. கடிதம் படிக்கப்பட்டபோது அங்கே இருந்தவர் அதா அல்குராசானி என்ற அறிஞர். ஊர் அன்றைக்கு அழுததைப் போல வேறு எந்த நாளிலும் அழுது தாம் கண்டதில்லை என்று அவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இடிபட இருந்தவை மண் குடில்கள். நான்கு அறைகள் சுடாத செங்கல்லால் ஆனவை. மற்ற ஐந்தும் ஈச்ச மட்டையை அடுக்கி மண் பூசியவை. வாசலில் கறுப்பு மயிரால் நெய்த திரை தொங்கும். பின்னாளில் பஸராவின் பெரிய ஞானியாக அறியப்பட்ட ஹஸன் பஸ்ரீ, சிறுவனாக இருந்தபோது இந்த அறைகளுக்குள் ஓடியாடியவர். அவருடைய தாய் அவற்றில் ஒன்றில் பணிப்பெண். கையை உயர்த்தினால் கூரை தட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். மதீனாவின் மூத்த சட்ட அறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப், இவற்றை இப்படியே விட்டிருந்தால் நபிகள் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார் என்பதை வருங்காலத்தார் கண்ணாலேயே பார்த்திருப்பார்களே என்று வருந்தினார்.

நபிகளின் எளிமையை நினைத்தே ஊர் அழுததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த அறைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அவை நபிகளின் மனைவியர் வாழ்ந்த வீடுகள், ஆளுக்கு ஒன்று. 632ல் நபிகள் மறைந்தபின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவற்றில் குடியிருந்து, வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தாம். அந்தப் பதில்களை எடுத்துவிட்டால் நபிமொழித் தொகுப்புகளில் பெரிய ஓட்டை விழும். வீட்டுக்குள் நடந்தது சட்டமானது அங்கேதான்.

அந்த ஒன்பது அறைகளில் ஒன்றிலும் கால் வைக்காத ஒருவரைச் சொல்லாமல் உள்ளே நுழைய முடியாது. கதீஜா பின்த் குவைலித், மக்காவின் குறைஷிக் குலத்து வணிகர், கணவரை இழந்தவர். சிரியாவுக்குப் போகும் ஒட்டக அணிகளில் முதல் அவருடையது, பயணமும் விற்பனையும் கூடப் போகிறவர் பொறுப்பு, லாபத்தில் இருவருக்கும் பங்கு. அந்த ஏற்பாட்டின்படி அவர் அனுப்பி வைத்தவர்தாம் அன்று இருபத்தைந்து வயதை எட்டியிருந்த முஹம்மது நபி. துணைக்கு மைஸரா என்ற தன் பணியாளையும் அனுப்பினார். திரும்பி வந்த மைஸரா சொன்னதைக் கேட்டபின், நஃபீஸா என்ற தோழி வழியாகத் திருமணப் பேச்சை எடுத்தவரும் கதீஜாவே. தமிழில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடித்திருக்க வேண்டும். கதீஜா கண்ட கனவுக்கென்றே தனியாக ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறார்.

610ல் ஹிரா குகையிலிருந்து நபிகள் நடுங்கியபடி இறங்கி வந்தபோது போர்வை போர்த்தி, உறவைப் பேணுகிறவரையும் ஏழையைத் தாங்குகிறவரையும் இறைவன் கைவிடமாட்டான் என்று தேற்றியவர் கதீஜா. பிறகு தன் உறவினரும் முந்தைய வேதங்களைக் கற்றவருமான வரகா இப்னு நவ்ஃபலிடம் அவரை அழைத்துப் போனார். குறைஷியர் நபிகளின் குடும்பத்தை ஊர்விலக்கு செய்த ஆண்டுகளையும் கூட இருந்து தாங்கினார். 619ல் மக்காவிலேயே இறந்தார். மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

ஆனாலும் மதீனாவின் அறைகளில் அவர் இருந்துகொண்டேதான் இருந்தார். ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழிகளுக்கு ஒரு பங்கு போகும். தான் நேரில் பார்த்தே இராத அந்தப் பெண்மீது பட்ட பொறாமை வேறு யார்மீதும் பட்டதில்லை என்று நபிகளின் பிற்கால மனைவி ஆயிஷா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 624ல் பத்ருப் போர் முடிந்து கைதிகளுக்கு மீட்புத் தொகை வந்து குவிந்தபோது அதில் ஒரு கழுத்து மாலை இருந்தது. நபிகளின் மகள் ஸைனப், எதிரணியில் நின்று சிறைப்பட்ட தன் கணவர் அபுல் ஆஸை மீட்க மக்காவிலிருந்து அனுப்பியது. கல்யாணத்தின்போது கதீஜா மகளுக்குப் போட்டு அனுப்பிய மாலை அது. அதைப் பார்த்ததும் நபிகள் உருகிப்போனார். தோழர்களின் இசைவு கேட்டு, மாலையையும் திருப்பிக் கொடுத்து, மருமகனையும் விடுவித்தார்.

622ல் மதீனாவுக்கு வந்ததும் எழும்பியது பள்ளிவாசல். அதன் சுவரை ஒட்டி முதலில் இரண்டே அறைகள், மனைவியரில் ஸவ்தாவுக்கு ஒன்று, ஆயிஷாவுக்கு ஒன்று. பிறகு ஒவ்வொன்றாகக் கூடின. ஆயிஷாவின் வாசல் நேரே பள்ளிக்குள் திறந்தது. நபிகள் பள்ளியிலேயே தங்கி வழிபடும் இஃதிகாஃப் நாட்களில் தலையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டுவார், ஆயிஷா அறைக்குள் இருந்தபடியே சீவி விடுவார். அவ்வளவு நெருக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு திரை.

அந்தக் காலத்துப் பள்ளிவாசலிலும் பெண்கள் தொழுதுவிட்டுப் போய்விடவில்லை. அஸ்லம் குலத்து ருஃபைதாவுக்கு அங்கே ஒரு கூடாரம் இருந்தது. காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டுவது அவர் வேலை. 627ல் அகழ்ப் போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆதை அந்தக் கூடாரத்தில்தான் கிடத்தினார்கள். விடுதலை பெற்ற அடிமைப் பெண் ஒருத்தியின் குடிசையும் அதே பள்ளியில் இருந்தது. அவளுடைய பழைய எஜமானர் வீட்டில் ஒரு சிவப்புத் தோல் அணிகலன் காணாமல் போக, திருட்டுப் பழி அவள்மேல் விழுந்து, சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தப்பட்டவள். இறைச்சி என்று நினைத்துத் தூக்கிப் போன பருந்தே அதைக் கொண்டுவந்து எல்லோர் நடுவிலும் போட்டதாம். மதீனாவுக்கு வந்து சேர்ந்த அவள் ஆயிஷாவின் அறைக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பேச வரும்போதெல்லாம் அந்த நாளைப் பற்றியே ஒரு வரி பாடுவாள் என்று ஆயிஷா சொல்லி, அது இமாம் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் ஏறியிருக்கிறது. அவள் பெயர் கிடைக்கவில்லை, கதை கிடைத்திருக்கிறது. கேட்டு வைத்துக்கொள்ள ஆயிஷா இருந்ததால் கிடைத்தது.

உம்மு ஸலமாவின் அறைக்கு ஒரு தனிக் கதை உண்டு. நபிகள் வெளியூர்ப் படைப் பயணத்தில் இருந்தபோது அவர் தன் அறையைச் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டார். திரும்பி வந்த நபிகள் இது என்ன என்று கேட்டதற்கு, ஆட்களின் பார்வை உள்ளே விழாமல் இருக்கத்தான் என்றார். கட்டடத்தில் பணத்தைப் போடுவது நபிகளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது, அந்தச் சுவர் அப்படியே நின்றதும் பதிவாகியிருக்கிறது.

உம்மு ஸலமாவின் இயற்பெயர் ஹிந்த். நபிகளை மணப்பதற்கு முன்பு, குறைஷியரின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்குப் போன முதல் அணியில் அன்றைய கணவரோடு இருந்தவர். அங்கே அரசர் நஜ்ஜாஷியின் அவையில் நடந்ததை நாம் இன்று விரிவாகப் படிக்க முடிவது இவர் சொல்லி வைத்ததால். மதீனாவுக்குப் புறப்பட்டபோது ஒருபக்கம் பிறந்த வீட்டார் இவரையும், மறுபக்கம் கணவர் வீட்டார் குழந்தையையும் பிடுங்கிக்கொண்டார்கள். கணவர் மட்டும் போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் தினமும் ஊர் எல்லைக்குப் போய் உட்கார்ந்து அழுதவர் இவர். கடைசியில் மனமிரங்கி விட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒட்டகத்தில் தனியாகவே கிளம்பினார்.

628ல் ஹுதைபிய்யாவில் இவர் சொன்ன யோசனை ஒரு நெருக்கடியைத் தீர்த்தது. உம்ரா என்ற புனித யாத்திரை செய்யவென்று கிளம்பிய சுமார் 1,400 பேரை மக்காவுக்குள் விடாமல் குறைஷியர் தடுத்தார்கள். இந்த வருடம் திரும்பிப் போய் அடுத்த வருடம் வரலாம் என்று ஒப்பந்தம் ஆனது. தோழர்களுக்கு அது தோல்வியாகவே பட்டது. பலிப்பிராணிகளை அறுத்து, தலைமுடி களையுங்கள் என்று நபிகள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அப்படி ஒரு மௌனம் அவருக்குப் புதிது. கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமாவிடம் சொன்னார். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், வெளியே போய் உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், நாவிதரைக் கூப்பிட்டு முடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். நபிகள் அப்படியே செய்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கூட்டத்தின் மனநிலையை அங்கிருந்த தளபதிகளைவிட அவர் சரியாகப் படித்திருந்தார்.

குர்ஆனில் ஆண்கள் பேசப்படுவதைப் போல் பெண்கள் பேசப்படவில்லையே, ஏன் என்று கேட்டவராகவும் இவரைத்தான் நூல்கள் சொல்கின்றன. ஆண் பெண் இருபாலரையும் பத்து முறை இணையிணையாகச் சொல்லும் 33ஆம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் அதற்குப் பிறகு வந்தது. இதே கேள்வியை உஹதுப் போரில் வாளெடுத்து நின்ற அன்சாரிப் பெண் உம்மு உமாராவும் கேட்டதாக இன்னொரு பதிவு சொல்கிறது. கேட்டது ஒருவர் மட்டுமல்ல போலும்.

இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பில் இன்னொரு சின்னக் காட்சி. உம்மு ஸலமாவுக்கு ஒரு பெண் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். பள்ளியின் மிம்பர் மேடையிலிருந்து, மக்களே என்று நபிகள் அழைக்கும் குரல் கேட்கிறது. தள்ளிக்கொள், நான் போகிறேன் என்கிறார் இவர். அவர் ஆண்களையல்லவா கூப்பிட்டார், பெண்களை இல்லையே என்கிறாள் சீவுகிறவள். நானும் மக்களில் ஒருத்திதானே என்று எழுந்து போகிறார் உம்மு ஸலமா.

பெண்கள் இப்படி எதிர்த்துப் பேசுவது மக்காவிலிருந்து வந்த சில ஆண்களுக்குப் பழக்கமில்லாதது. பின்னாளில் கலீஃபா ஆன உமரே இதைச் சொல்லியிருக்கிறார்: மக்காவில் எங்கள் பேச்சு எடுபட்டது, மதீனாவிலோ வீட்டில் பெண்கள் வைத்ததுதான் சட்டம், எங்கள் பெண்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்ற பொருளில். ஒருநாள் மனைவி பதிலுக்குப் பதில் பேச, அவர் கடிந்துகொண்டார். உங்கள் மகள் ஹஃப்ஸா நபிகளிடமே பதிலுக்குப் பதில் பேசுகிறாளே, எனக்கு மட்டும் என்ன என்றார் மனைவி. உமர் மேலாடையைப் போட்டுக்கொண்டு நேரே மகளின் அறைக்குப் போய்விட்டார், எச்சரிக்க.

ஹஃப்ஸா எழுதப் படிக்கத் தெரிந்தவர். இஸ்லாம் வந்தபோது குறைஷியரில் எழுதத் தெரிந்த ஆண்கள் பதினேழு பேர்தான் என்று கணக்குச் சொல்கிறார் வரலாற்றாசிரியர் பலாதுரி. அப்படிப்பட்ட ஊரில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற பெண்மணி எழுத்தும் தெரிந்தவர், ஒருவகைத் தோல் நோய்க்கு ஓதிப் பார்க்கவும் தெரிந்தவர். ஹஃப்ஸாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் மாண்டபின், முதல் கலீஃபா அபூபக்ர் காலத்தில் ஸைது இப்னு ஸாபித் ஏடுகளாகத் தொகுத்தார். ஏடுகள் அபூபக்ரிடமிருந்து உமருக்கு வந்தன. உமருக்குப் பின் அவை அடுத்த கலீஃபாவிடம் போகவில்லை, ஹஃப்ஸாவின் அறைக்கு வந்தன. கலீஃபா உஸ்மான் குர்ஆனுக்கு ஒரே சீரான படிகள் எடுக்க முடிவு செய்தபோது அந்த ஏடுகளை ஹஃப்ஸாவிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார். பின்னர் மதீனாவின் ஆளுநராக இருந்த மர்வான் அவற்றைக் கேட்டபோது ஹஃப்ஸா தரவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை ஆளுநருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 665ல் ஹஃப்ஸாவை அடக்கம் செய்து முடித்த கையோடு மர்வான் அவருடைய சகோதரரிடம் ஆள் அனுப்பி ஏடுகளை வாங்கினார், அழித்தார். உஸ்மானின் படிகளோடு முரண்பட ஏதும் இருக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

அறைக்காரர்கள் எல்லோரும் அறிவுக்காகவே நினைக்கப்படுகிறவர்கள் அல்லர். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் கைத்தொழில்காரர். தோலைப் பதப்படுத்தித் தைத்து விற்று, வந்ததை தர்மம் செய்தார். உங்களில் நீண்ட கை உடையவரே எனக்குப்பின் முதலில் வந்து சேர்வார் என்று நபிகள் ஒருமுறை சொல்ல, மனைவியர் ஆளாளுக்குக் கையை அளந்து பார்த்தார்கள். ஸவ்தாவின் கைதான் நீளம். முதலில் இறந்தவரோ ஸைனப். கை நீளம் என்றது கொடையை என்று அப்போதுதான் விளங்கியது. கலீஃபா உமர் அவருக்கு ஆண்டு மானியமாக 12,000 திர்ஹம் அனுப்பியபோது அந்தக் குவியலின்மேல் ஒரு துணியைப் போர்த்தச் சொன்னார். துணிக்கு அடியிலிருந்து பிடிபிடியாக அள்ளி உறவினருக்கும் அநாதைகளுக்கும் கொடுத்தனுப்பினார். அடுத்த ஆண்டு இந்தப் பணம் என்னை வந்தடையக் கூடாது என்று வேண்டிக்கொண்டார், வந்தடையவும் இல்லை. 641ல் காலமானார்.

கேள்வியோடு அறை வாசலுக்கு வந்த பெண்களில் கவ்லா பின்த் ஸஅலபாவை மறக்க முடியாது. முதுமையில் கோபம் முற்றிய கணவர் அவ்ஸ், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல என்று சொல்லிவிட்டார். பழைய அரபு வழக்கப்படி அந்த ஒரு வாக்கியத்தோடு மனைவி விலக்கப்பட்டவள். ஆனால் வேறு யாரையும் மணக்கவும் முடியாது. கவ்லா ஆயிஷாவின் அறையில் நபிகளிடம் வந்து முறையிட்டார். நீ அவருக்கு விலக்கப்பட்டவளாகவே தெரிகிறாய் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. என் இளமையெல்லாம் அவரோடு போயிற்று, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்ப வாதாடினார். அதே அறையின் மூலையில் இருந்த தனக்குக்கூட அந்த மெல்லிய குரலில் பாதி கேட்கவில்லை என்கிறார் ஆயிஷா. 58ஆம் அத்தியாயம் அந்தப் பெண்ணின் வாதத்தைக் குறிப்பிட்டே தொடங்குகிறது; அத்தியாயத்தின் பெயரே முஜாதலா, அதாவது தர்க்கம். வாயால் சொன்னதால் மனைவி தாயாகிவிட மாட்டாள், சொன்னவர்தான் பரிகாரம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், முடியாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு, அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. பல ஆண்டுகள் கழித்து, கலீஃபா உமரை நடுத்தெருவில் நிறுத்தி ஒரு கிழவி நீண்ட நேரம் புத்தி சொன்னாள். கூட வந்தவர்கள் முணுமுணுத்தபோது, வானத்துக்கு மேலே கேட்ட பேச்சை உமர் கேட்காமல் போவதா என்றாராம் அவர். கிழவி கவ்லா.

இனி, ஆயிஷா. அவருடைய அறையில் நபிகள் தொழும்போது ஆயிஷா படுத்திருந்தால் கால் தொழுகைத் திசையில் நீண்டுவிடும். நபிகள் ஸஜ்தாவுக்குக் குனியும்போது விரலால் தட்டுவார். இவர் காலை மடக்கிக்கொள்வார். நபிகள் நிமிர்ந்ததும் மறுபடி நீட்டிக்கொள்வார். அப்போதெல்லாம் வீடுகளில் விளக்கு கிடையாது என்று அவரே விளக்கமும் சொல்லியிருக்கிறார். ஒரு குடும்பத்தின் இடநெருக்கடி என்று கடந்துவிடக்கூடிய செய்தி. ஆனால் பிற்பாடு, தொழுகிறவருக்கு முன்னால் பெண்ணோ கழுதையோ நாயோ குறுக்கிட்டால் தொழுகை முறிந்துவிடும் என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியது. எங்களைக் கழுதைக்கும் நாய்க்கும் சமமாக்கிவிட்டீர்களா என்று சீறினார். தன் அறையில் தினம் நடந்ததைச் சாட்சியாக வைத்தார். அந்த அறை அத்தனை சின்னதாக இருந்ததே சட்டத்தில் ஆதாரமாகிவிட்டது.

நபிமொழிகளில் 2,210 அவர் பெயரில் வருகின்றன. எண்ணிக்கையைவிட அவருடைய திருத்தங்கள் சுவையானவை. குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று உமரின் மகன் அறிவித்தபோது, அவர் பொய் சொல்கிறவர் அல்லர், மறந்திருப்பார் அல்லது தவறாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று நாசூக்காகத் தொடங்கி, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆனின் விதியை எடுத்து முன்னே போட்டார். கூறப்பட்ட சொல்லைக் குர்ஆனோடு உரசிப் பார்க்கும் இந்த முறை அவருக்குக் கைவந்த கலை. பதினான்காம் நூற்றாண்டுக் கெய்ரோ அறிஞர் ஸர்கஷீ, நபித்தோழர்களை ஆயிஷா திருத்திய இடங்களை மட்டும் திரட்டித் தனி நூலே எழுதினார்.

அறைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயங்களும் இருந்தன. தாம்பத்தியத்துக்குப் பின் குளிக்காமலே விடிந்துவிட்டால் அன்றைய நோன்பு கூடாது என்று அபூஹுரைரா சொல்லிவந்தார். அன்று ஆளுநராக இருந்த அதே மர்வான் ஆயிஷாவிடமும் உம்மு ஸலமாவிடமும் ஆளனுப்பிக் கேட்டார். நபிகள் அப்படி விடிந்த நாட்களில் குளித்துவிட்டு நோன்பைத் தொடர்ந்திருக்கிறார் என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். அவர்கள்தாம் நன்கு அறிந்தவர்கள் என்று அபூஹுரைரா தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். நபிமொழி அறிவிப்பில் அவரைவிட அதிக எண்ணிக்கை யாருக்கும் இல்லை என்பதை நினைத்தால் அந்த இரண்டு பெண்களின் சொல்லுக்கு இருந்த எடை புரியும்.

656ல் நடந்ததை விட்டுவிட்டு ஆயிஷாவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. உஸ்மான் கொல்லப்பட்டபோது ஹஜ்ஜுக்காக மக்காவில் இருந்தார். கொலைக்கு நீதி கேட்டு, தல்ஹா, ஸுபைர் ஆகியோருடன் பஸராவுக்குப் படையோடு போனார். எதிரே வந்தவர் கலீஃபா அலி. ஆயிஷாவின் ஒட்டகத்தைச் சுற்றியே சண்டை உக்கிரமாக நடந்ததால் ஜமல், அதாவது ஒட்டகப் போர் என்றே பெயர். ஒட்டகத்தின் கால் வெட்டப்பட்டது, போர் முடிந்தது, முஸ்லிம்கள் முஸ்லிம்களையே கொன்று குவித்திருந்தார்கள். அலி அவரை மரியாதையோடு மதீனாவுக்கு அனுப்பி வைத்தார். போகக் கூடாது என்று முன்பே எதிர்த்தவர் உம்மு ஸலமா. அலியின் பக்கம் நின்றவர். இரண்டு அறைகளும் அரசியலில் இரண்டு பக்கம். ஆயிஷா கடைசிவரை அந்த நாளை நினைத்து அழுததாகச் சொல்கிறார்கள். பெண் தலைமை கூடாது என்று வாதிட்ட பிற்காலத்தார் பலர் இந்தப் போரைத்தான் சுட்டினார்கள். அவர்கள் காட்டும் நபிமொழி, பாரசீகத்தில் கிஸ்ராவின் மகள் அரியணை ஏறிய செய்தி வந்தபோது சொல்லப்பட்டது. அபூபக்ரா என்ற தோழர் அதை நினைவுகூர்ந்தது ஜமல் போரை ஒட்டி. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: போரில் தோற்ற ஆயிஷாவின் அறிவிப்புகளை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் திரைக்குப் பின்னிருந்து பாடம் சொன்னார். பாடம் கேட்க வந்தவர்களில் பஸராக்காரர்களும் கூஃபாக்காரர்களும் இருந்தார்கள்.

ஆயிஷாவின் அறைக்குள்தான் நபிகள் அடக்கமானார். பிறகு ஆயிஷாவின் தந்தை அபூபக்ர். மீதியிருந்த இடத்தை ஆயிஷா தனக்கென்று வைத்திருந்தார். 644ல் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்த கலீஃபா உமர் தம் மகனை அனுப்பினார். விசுவாசிகளின் தலைவர் கேட்கிறார் என்று சொல்லாதே, உமர் கேட்கிறார் என்று சொல் என்று சொல்லி அனுப்பினார். ஆயிஷா இசைந்தார். அதற்கும் மேலாக, தாம் இறந்தபின் ஜனாஸாவை வாசலில் வைத்து மறுபடி ஒருமுறை கேளுங்கள், உயிரோடு இருந்ததால் மறுக்கத் தயங்கியிருக்கலாம் என்று உமர் சொல்லி வைத்தார். வீட்டுக்காரியின் அனுமதி அவ்வளவு முக்கியமாக இருந்தது. 678ல் ரமலான் இரவொன்றில் ஆயிஷா, தன் விருப்பப்படி, மற்ற மனைவியரோடு பகீஉ மயானத்தில் அடக்கமானார். தொழவைத்தவர் அபூஹுரைரா.

707ல் மற்ற அறைகள் தரைமட்டமானபோது கப்ருகள் இருந்த இந்த ஒன்றுக்கு மட்டும் வெளிச்சுவர் எழுப்பினார் உமர் இப்னு அப்துல் அஸீஸ். கஅபாவைப் போல் நாற்சதுரமாகத் தெரியக்கூடாது என்று ஐந்து பக்கச் சுவர். இன்று மதீனாவின் பச்சைக் குவிமாடத்துக்குக் கீழே, பொன்னிறக் கம்பித் தடுப்புக்கு முன்னால் நின்று ஸலாம் சொல்கிற ஹாஜிகள் ஆயிஷாவின் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள்.

இடிக்கச் சொன்ன வலீதின் தந்தை கலீஃபா அப்துல் மலிக், டமாஸ்கஸ் பள்ளிவாசலில் உம்முத் தர்தா என்ற பெண் அறிஞரின் பாடத்தில் வந்து உட்கார்ந்தவர். இடித்த உமரோ பத்தாண்டுக்குப் பின், 717ல், தாமே கலீஃபா ஆனார். அறிஞர்கள் இறந்துகொண்டே வருகிறார்கள், அறிவு அவர்களோடு போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. மதீனாவின் பொறுப்பில் இருந்த அபூபக்ர் இப்னு ஹஸ்முக்குக் கடிதம் எழுதினார்: நபிமொழிகளைத் தேடி எழுதி வை. அதில் ஒரு பெயரைக் குறிப்பிட்டே சொன்னார். அம்ரா பின்த் அப்துர் ரஹ்மானிடம் இருப்பதை எழுது. அம்ரா, ஆயிஷாவின் மடியில் வளர்ந்த அன்சாரிப் பெண். ஆயிஷா சொன்னவற்றை அப்படியே மனத்தில் வைத்திருந்தவர். அறைகளை இடித்த கைதான் அறைக்குள் பேசியதை எழுதி வைக்கச் சொல்லியும் கையெழுத்துப் போட்டது.

அபூபக்ர் இப்னு ஹஸ்முக்கு அம்ரா அந்நியர் அல்லர், சொந்தப் பெரியம்மா. அவர் சொல்லின் எடையும் தெரிந்ததுதான். ஒருமுறை அபூபக்ர் இப்னு ஹஸ்ம் இரும்பு வளையங்களைத் திருடிய நபத்திய இனத்தவர் ஒருவரைப் பிடித்து, கையை வெட்டுவதற்காகக் காவலில் வைத்திருந்தார். செய்தி அம்ராவின் காதுக்கு எட்டியது. உடனே ஒரு பணிப்பெண்ணை அனுப்பினார். ஊர்க்கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தவரிடம் அந்தப் பெண் வந்து நின்று, உங்கள் பெரியம்மா சொல்லச் சொன்னார்: ஓர் அற்பப் பொருளுக்காகவா அவனைப் பிடித்து வைத்திருக்கிறாய், கால் தீனாருக்குக் குறைந்த திருட்டுக்குக் கை வெட்டுவது கிடையாது என்றாள். இமாம் மாலிக் தம் முவத்தா நூலில் இதை அபூபக்ர் இப்னு ஹஸ்மின் வாயாலேயே பதிவு செய்திருக்கிறார். நபத்தியரை அவர் விட்டுவிட்டார்.